தனியாள் கோச் பயணம்: ஓர் ஏளனத்துக்கு மறுப்பு

ஐரோப்பியக் கோச் பயணம் என்பது முப்பது நாற்பது பேர் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரு டூர் லீடரின் பொறுப்பில், பத்துப் பன்னிரண்டு நாளில் ஐந்தாறு நாடுகளைச் சுற்றிவரும் ஏற்பாடு. கோலாலம்பூர் பயண முகவர்கள் விற்கும் பாதைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்தவை: லண்டன் அல்லது பாரிசில் தொடங்கி பிரசல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், ரைன் அருவி, லூசர்ன், தித்லிஸ் பனிமலை, வெனிஸ், ஃபுளோரன்ஸ் வழியாக ரோமில் முடியும். தம்பதிகளும் குடும்பங்களும் நிறைந்த இந்தப் பஸ்ஸில் துணை யாருமின்றி ஒற்றை ஆளாகப் பெயர் கொடுப்பவர்களும் உண்டு. கோலா சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களில் அப்படிப் பெயர் கொடுக்கக்கூடியவர் யார் என்று ஊகிப்பது கடினமல்ல. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, அரசு மருத்துவமனையில் தாதியாக இருந்தவர், கணவரை இழந்தவர், பிள்ளைகள் கிள்ளானிலும் ஷா ஆலமிலும் குடியேறிவிட்ட தகப்பன், கல்யாணம் செய்துகொள்ளாமலே அறுபதைத் தொட்ட கிராணி வீட்டு மகள்.

இவர்களுக்கு இரண்டு திசையிலிருந்து ஒரே தீர்ப்பு வருகிறது. வீட்டுப் பெரியவர்களும் அக்கம்பக்கத்தாரும், “ஜோடி ஜோடியாக வருகிற பஸ்ஸில் ஒத்தை ஆளுக்கு என்ன வேலை, ஆள் துணை கிடைத்தால் போ, இல்லாவிட்டால் வீட்டில் இரு” என்பார்கள். படித்து நகரத்துக்குப் போன இளையவர்களோ, “தனியாகப் போவதென்றால் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு உண்மையாகவே தனியாகப் போக வேண்டும், கொடி பிடிப்பவர் பின்னால் ஓடுவது பயணமே இல்லை” என்பார்கள். முதல் தரப்புக்குத் தனியாள் குறை. இரண்டாம் தரப்புக்குக் கூட்டம் குறை. காரணம் வேறு வேறு என்றாலும் முடிவு ஒன்றுதான்: தனியாளும் கோச் பயணமும் பொருந்தாது. இதோடு, தனி அறைக்குக் கூடுதல் பணம் கட்டுவது ஏமாளித்தனம் என்ற கணக்கும் சேர்ந்துகொள்கிறது. இந்தத் தீர்ப்பு பரவலாக இருக்கிறது. ஆராய்ந்து பார்த்தால் அதன் ஒவ்வொரு காலும் ஆடுகிறது.

முதலில் ஏளனத்தின் வயதைப் பார்க்கலாம். கூட்டுப் பயணத்தை ஒரு தொழிலாக்கிய தாமஸ் குக், 1841 ஜூலை 5 அன்று இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக ஏறத்தாழ 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங்கில் ரயிலில் அழைத்துச் சென்றார். 1855இல் ஐரோப்பாக் கண்டத்துக்கும் 1863இல் சுவிட்சர்லாந்துக்கும் கூட்டங்களை நடத்தினார். அதுவரை கண்டத்தைச் சுற்றிப் பார்த்தது பெரும்பாலும் பிரபுக்களின் பிள்ளைகள். அவர்களும் தனியாகப் போகவில்லை. ஆசிரியர், வேலையாள், அறிமுகக் கடிதங்கள், போகுமிடமெல்லாம் வங்கிக் கடன் என்று பெரும் பரிவாரத்தோடு போனார்கள். குக்கின் சீட்டு குமாஸ்தாவுக்கும் பள்ளி ஆசிரியைக்கும் கடைக்காரருக்கும் அதே ஆல்ப்ஸ் மலையைக் காட்டியபோதுதான் கூட்டுப் பயணம் கேவலமானது என்ற பேச்சு எழுந்தது. 1865இல் சார்லஸ் லீவர் என்ற நாவலாசிரியர் பிளாக்வுட்ஸ் இதழில் புனைபெயரில் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல சான்று. அவர் அப்போது இத்தாலியின் ஸ்பெசியா துறைமுகத்தில் பிரிட்டிஷ் துணைத் தூதராக இருந்தார். குடியேற்ற நாடுகள் ஏற்க மறுத்த குற்றவாளிகளை இத்தாலிய நகரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிடத்தான் இந்தச் சுற்றுலா என்ற அளவுக்கு அவருடைய கேலி போயிற்று. குக் அச்சிலேயே பதில் கொடுத்தார். இன்று கோச் பயணிகளைப் பார்த்து உதட்டைச் சுழிப்பவர்கள் தங்கள் ரசனை புதுமையானது என்று எண்ணுகிறார்கள். அது ஒன்றரை நூற்றாண்டுப் பழையது. பிறந்த இடமும் அவ்வளவு கௌரவமானதல்ல.

அந்த 1863 சுவிஸ் பயணத்தில் போன ஜெமைமா மொரல் என்ற யார்க்‌ஷயர் பெண்ணின் நாட்குறிப்பு நூறு ஆண்டு கழித்து 1963இல் நூலாக வந்தது. அப்போது அவருக்குக் கல்யாணமாகவில்லை. பனியாற்றைக் கடந்ததையும், கணவாய் ஏறியதையும், சூரிய உதயம் பார்க்க ரிகி மலையில் காத்திருந்ததையும் விரிவாக எழுதியிருக்கிறார். கூட்டத்தோடு போனதால் கண் மங்கிப்போனதற்கான அறிகுறி அதில் தெரியவில்லை. விக்டோரியா காலத்து நடுத்தரக் குடும்பப் பெண்ணுக்கு வெளிநாட்டுப் பயணக் கதவைத் திறந்ததில் இத்தகைய கூட்டங்களுக்குப் பெரிய பங்குண்டு என்பது பயண வரலாறு எழுதியவர்கள் பலரும் ஒப்புக்கொள்வது. தனியாளுக்குக் கூட்டுப் பயணம் பொருந்தாது என்பவர்கள் இந்த வரலாற்றைத் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

சிலாங்கூர்த் தோட்டப்புறத்துக்குத் திரும்பினால் வாதம் இன்னும் பலவீனமாகிறது. இங்குள்ள தமிழர்களின் நீண்ட பயணங்கள் எல்லாமே கூட்டுப் பயணங்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ரஜூலா கப்பலின் தளத்தில் ஏறிப் பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் இறங்கியவர்களில் குடும்பத்தோடு வந்தவர்களைப் போலவே ஒற்றை ஆளாக வந்தவர்களும் ஏராளம். கங்காணி, அக்கம்பக்கத்து ஊர்க்காரர், தளத்தில் பக்கத்தில் பாய் விரித்தவர் ஆகியோர்தான் அவர்களுக்குத் துணை. இன்றும் தைப்பூசத்துக்குத் தோட்டத்துக் கோயிலிலிருந்து பத்துமலைக்கு பஸ் கிளம்பும்போது தனியாக வந்த பாட்டிக்கு இடமில்லை என்று யாரும் சொல்வதில்லை. அறுபடை வீடு, நவக்கிரகத் தலங்கள், காசி, ராமேஸ்வரம் என்று தமிழ்நாட்டுக்கும் வடஇந்தியாவுக்கும் போகிற யாத்திரைக் கூட்டங்களில் கைம்பெண்கள் தனியாகப் பெயர் கொடுத்துப் போய்வருவது இங்கே சாதாரணம். அந்தப் பஸ்ஸிலும் வழிநடத்துபவர் இருக்கிறார், விடியற்காலையில் எழுப்புகிறார், ஒரு தலத்தில் ஒரு மணி நேரம்தான் கொடுக்கிறார், ஒரு நாளில் நாலைந்து கோயில் காட்டுகிறார். திரும்பி வந்தவரைப் பார்த்து, “கூட்டத்தோடு போனதெல்லாம் ஒரு தரிசனமா” என்று எவரும் கேட்பதில்லை. விபூதியை வாங்கிப் பூசிக்கொள்கிறார்கள். அதே அம்மா அதே மாதிரி பஸ்ஸில் ரோமுக்குப் போனால் மட்டும் அது தனியாளுக்குப் பொருந்தாத வீண்வேலையாகி விடுகிறது. காசிக்குச் செல்லுபடியாகும் ஏற்பாடு ரோமுக்கு ஏன் செல்லாது என்பதற்கு இரண்டு தரப்பிலும் விடை கிடையாது. உண்மையில் எதிர்ப்பு பஸ்ஸின் மேல் இல்லை. வயதான தனிப்பெண் ஒருத்தி புண்ணியத்துக்காக அல்லாமல் ஆசைக்காகச் செலவழிக்கிறாள் என்பதன் மேல்தான். இதை வெளிப்படையாகச் சொன்னால் வாதாடுவது எளிது. சொல்லாமல் பாதுகாப்பு, துணை, செலவு என்று சுற்றி வளைப்பதால்தான் பேச்சு நீள்கிறது.

போக்குவரத்தைத் தீர்மானிக்கும் உரிமை இந்த வட்டாரத்தில் எளிதில் கிடைத்ததும் அல்ல. 1941இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படித்தால் சம்பளத்தோடு வேறு சிலவும் இருக்கும். துரையும் தோட்ட அதிகாரிகளும் எதிர்ப்படும்போது தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது ஒன்று. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக விட வேண்டும் என்பது இன்னொன்று. அந்தத் தலைமுறையின் பேத்தி இன்று மலேசியக் கடப்பிதழைக் காட்டி, விசா இல்லாமல், 180 நாளில் 90 நாள் வரை ஷெங்கன் நாடுகளில் சுற்றலாம். ஐந்தாண்டுக் கடப்பிதழுக்கு 200 வெள்ளி. அறுபது வயதைத் தாண்டியவருக்கு 100 வெள்ளி. பிறப்புப் பத்திரமும் நீல அடையாள அட்டையும் இல்லாமல் தவிக்கும் தோட்டக் குடும்பங்களுக்கு இந்தக் கதவு இன்னும் மூடியே கிடக்கிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர்கள் சிக்கல் வேறு. கடப்பிதழ் கையில் இருந்தும் துணைக்கு ஆள் இல்லை என்று உட்கார்ந்திருப்பவர்கள் சிக்கல் வேறு.

அடுத்தது செலவுக் கணக்கு. எதிர்ப்பவர்கள் பெரிதும் நம்பியிருப்பது இதைத்தான். மேலோட்டமாகப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயமும் தெரியும். கோச் பயண விலை இருவர் ஓர் அறையைப் பகிர்வதாக வைத்துப் போடப்படுகிறது. தனி அறை கேட்பவர் மேற்கொண்டு ஒரு தொகை கட்ட வேண்டும். “ஒரே பஸ், ஒரே சாப்பாடு, ஒத்தை ஆள் என்பதற்காக அபராதமா” என்று கேட்கிறார்கள். அபராதம் என்று பேர் வைத்ததில்தான் கணக்குத் தவறுகிறது. ஹோட்டல் அறைக்கு விலை ஆளுக்கு இல்லை, அறைக்கு. எடுத்துக்காட்டாக ஓர் இரவுக்கு அறை 500 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், பத்து இரவுக்கு 5,000 வெள்ளி. இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு 2,500. தனியாக இருப்பவர் மீதி 2,500ஐயும் தாமே கட்டுகிறார். இதே ஆள் முதுகுப்பை ஆலோசனையைக் கேட்டுத் தனியாகவே ஐரோப்பா போனால் அந்த அறைக்கு என்ன கட்டுவார்? அதே 5,000தான். தனிமையின் விலை கோச்சில் இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் இருக்கும். கோச்சில் அது தனி வரியாக அச்சிடப்பட்டிருப்பதால் கண்ணில் குத்துகிறது, அவ்வளவுதான்.

மாறாக, மற்றச் செலவுகளில் தனியாளுக்கு லாபம். டூர் லீடரின் சம்பளம், ஓட்டுநர் கூலி, பஸ் வாடகை, சுங்கம், நகருக்குள் பஸ் நுழைவதற்கான கட்டணம், உள்ளூர் வழிகாட்டி ஆகியவற்றை நாற்பது பேர் பகிர்கிறார்கள். அந்த நாற்பதில் ஒன்றுதான் தனியாளின் பங்கு. தனியாகப் போகிறவர் ரோம் பழைய நகரத்துக்கு ஒரு வழிகாட்டியை வைத்தால் அந்தக் கூலி முழுக்க அவர் தலையில். இளைஞர் விடுதியில் எட்டுப் படுக்கை அறையில் ஒன்றை எடுத்துக்கொண்டால் செலவு குறையும் என்று சிலர் சொல்வார்கள், உண்மைதான். அறுபத்திரண்டு வயதில் மேல் படுக்கைக்கு ஏணி ஏறச் சம்மதிப்பவருக்கு அது நல்ல யோசனை. அறையைப் பகிர விரும்புகிற தனியாட்களுக்கு ஒரே பாலினத்தைச் சேர்ந்த இன்னொரு தனியாளைச் சேர்த்துவிடும் முகவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் சேர்ந்தால் கூடுதல் தொகை போய்விடும். ஆள் கிடைக்காவிட்டால் யார் பொறுப்பு என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேகத்தைப் பற்றிய குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. பன்னிரண்டு நாளில் ஆறு நாடு என்பது ஓட்டம்தான். பாரிசிலிருந்து லூசர்ன் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். ஒரு முழுப் பகல் போய்விடும். ஆனால் இந்த ஓட்டத்துக்கும் ஒரு சட்டச் சட்டகம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 விதிப்படி ஓட்டுநர் ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி வரை போகலாம். நான்கரை மணி நேரம் ஓட்டியதும் 45 நிமிடம் நிறுத்த வேண்டும். வழக்கமாக இரவில் 11 மணி நேர ஓய்வு வேண்டும். ஓட்டும் நேரத்தை ஓட்டுநரின் அட்டையில் பஸ்ஸில் உள்ள கருவி பதிவு செய்துகொண்டே இருக்கிறது. பஸ்ஸின் வேகமும் மணிக்கு 100 கிலோமீட்டரில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. ஒரே சர்வதேசச் சுற்றுப்பயணத்துக்கு வார ஓய்வைப் பன்னிரண்டு நாள் வரை தள்ளிவைக்க ஓட்டுநர்களுக்குச் சலுகை உண்டு. பஸ் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நின்றுகொண்டே இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் இந்த விதியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அது பயணியின் உயிருக்காகப் போட்டது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் இரவு பஸ்களைப் பார்த்துப் பழகியவர்கள் இதன் அருமையை எளிதில் உணர்வார்கள்.

ரயில் வேகமானது என்பதில் சந்தேகமில்லை. பாரிசிலிருந்து பிரசல்ஸுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம்கூட ஆவதில்லை. பஸ் அதைத் தொட முடியாது. ஆனால் லண்டனிலிருந்து வரும் ரயில் பாரிசின் வட நிலையத்தில் இறங்கும். சுவிட்சர்லாந்துக்குப் போகும் ரயில் லியோன் நிலையத்திலிருந்து கிளம்பும். இடையில் பெட்டியை இழுத்துக்கொண்டு சுரங்க ரயிலின் படிகளில் இறங்கி ஏறி, கூட்டத்தில் கைப்பையைக் காத்து, வேறு மொழி அறிவிப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். கோலா சிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார், சபாக் பெர்ணம் என்ற நீண்ட கடலோரத் தடத்தில் இன்று ஒரு ரயில் நிலையம்கூடக் கிடையாது. பஸ்ஸும் காரும்தான் இங்குள்ளவரின் கால்கள். இருபத்தைந்து வயதுக்காரர் இதையெல்லாம் இரண்டு நாளில் கற்றுக்கொள்வார். வாழ்நாளில் ஒரே ஒருமுறை போகிறவருக்கு அந்த இரண்டு நாளும் பாரிசில் கழிய வேண்டிய நாட்கள்.

மேலோட்டமாகத்தான் பார்க்க முடியும் என்ற குறை இதோடு ஒட்டியது. இதற்குக் கோலா சிலாங்கூரிலேயே விடை இருக்கிறது. ஏனென்றால் இந்த ஊர் சுற்றுலாப் பஸ்ஸை மறுபக்கத்திலிருந்து பார்த்துப் பழகியது. பிற்பகலில் கோலாலம்பூரிலிருந்து வருகிற வெளிநாட்டவர் புக்கிட் மெலாவத்தியில் வெள்ளிநிற லங்கூர்க் குரங்குகளுக்குத் தீனி கொடுப்பார்கள், பாசிர் பெனாம்பாங்கில் மீன் சாப்பிடுவார்கள், இருட்டியதும் கம்போங் குவாந்தானில் படகேறி பெரம்பாங் மரங்களில் மின்மினி பார்ப்பார்கள், இரவே திரும்பிவிடுவார்கள். புக்கிட் ரோத்தானுக்குப் பின்னால் செம்பனைக் காடு விரிந்திருப்பதோ, அங்கே லயத்து வீடுகள் எப்போது காலியாயின என்பதோ அவர்களுக்குத் தெரியாது. மேலோட்டம்தான். ஆனால் பஸ்ஸில் வந்தவர்களுக்கு மட்டுமா இது நேர்கிறது? வாடகைக் காரில் தனியாக வருகிற முதுகுப்பைக்காரரும் அதே குன்று, அதே மீன் கடை, அதே படகு என்றுதான் சுற்றுகிறார். அவர் தோட்டத்துக்குள் நுழைந்து எவரோடும் பேசுவதில்லை. ஊருக்குள் ஆழமாகப் போவதற்கு மொழியும் உறவும் மாதக் கணக்கில் காலமும் வேண்டும். இவை மூன்றும் இல்லாத எவரும் எந்த வண்டியில் வந்தாலும் ஒரே ஆழத்தில்தான் நிற்கிறார். காந்தி ஆவணப்படத்துக்காக 1930களின் இறுதியில் நாடு நாடாகச் சென்ற ஏ.கே. செட்டியாரைத் தனிப்பயணத்துக்கு முன்மாதிரியாகக் காட்டுவதுண்டு. அவருக்கு ஒரு நோக்கமும் அதற்கென்றே ஒதுக்கிய காலமும் இருந்தன. பத்து நாள் விடுப்பில் போகிறவரை அவரோடு ஒப்பிடுவது இருவருக்கும் நியாயமல்ல.

ஆழத்துக்கு இன்னொரு வழி உண்டு; அது பயணி வீட்டிலிருந்தே எடுத்துப்போகிற அறிவு. இந்த வட்டாரத்தவருக்கு அது ஏராளமாகக் கிடைக்கிறது. மெலாவத்திக் கோட்டையை 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்து ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டுக்கொண்டார். இதைப் பள்ளியிலேயே படித்த ஒருவர் ஆம்ஸ்டர்டாமில் கால்வாய்ப் படகில் ஒரு மணி நேரம் உட்காரும்போது, கரையில் நிற்கும் வணிகர் மாளிகைகள் வெறும் அழகாக மட்டும் தெரியாது. பெஸ்தாரி ஜெயா பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரில் இருந்த காலத்தில், அதன் அருகே தென்னமாரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அவரோடு சேர்ந்து தொழில் செய்த அட்ரியன் ஹாலெ பெல்ஜியத்துக்காரர். பாரிசிலும் பிரசல்ஸிலும் கோச் நிற்கிற அரை நாளில் இந்த நினைப்போடு இறங்குகிறவருக்கும் வெறும் கைப்பேசியோடு இறங்குகிறவருக்கும் கிடைப்பது ஒன்றாக இருக்காது. வேறுபாடு பஸ்ஸில் இல்லை. ஐரோப்பாவின் பணம் இந்த மண்ணில் எப்படி விளைந்தது என்பதைத் தாத்தா பாட்டியின் கைத்தழும்பில் பார்த்தவர்களுக்கு, அந்த நகரங்களைப் பார்க்கும் உரிமை மற்ற எவரையும்விடக் குறைந்ததல்ல.

கூட்டத்தில் தனியாள் இன்னும் தனியாகிப் போவார் என்பது வீட்டார் சொல்லும் பயம். கோச் எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்தால் இது பெருமளவு கரையும். ஒழுங்காக நடக்கும் பயணங்களில் இருக்கைகள் நாள்தோறும் மாற்றப்படுகின்றன. யாரும் முன்வரிசையைப் பட்டா போட முடியாது. தனியாளுக்குப் பக்கத்தில் ஒருநாள் சிரம்பான் தம்பதி, மறுநாள் ஈப்போ மாணவி. பசியாறும்போதும் இரவுச் சாப்பாட்டிலும் மேசைக்கு ஆறு எட்டுப் பேர் உட்கார்வதால், தனித்து உண்ணும் நிலை பெரும்பாலும் வராது. ரயிலில் போகிற தனியாளுக்கோ ஒவ்வொரு வேளையும் தனி மேசைதான். உடம்புக்கு முடியாமல் போனாலும் கடப்பிதழ் தொலைந்தாலும் உடனிருந்து தூதரகத்துக்குப் பேச ஒருவர் இருக்கிறார். காலையில் பஸ் கிளம்பும்போது ஒரு தலை குறைந்தால் அறைக் கதவைத் தட்ட ஆள் வரும். பேச்சு அலுத்துவிட்டால் சன்னலோரம் கண்ணை மூடிக்கொள்ளலாம். கணவரோ மகளோ கோபித்துக்கொள்ள மாட்டார்கள். குடும்பத்தோடு போன பெண்கள் பலர் ஐரோப்பாவிலும் பேரப்பிள்ளையின் பால்புட்டியைக் கழுவிக்கொண்டிருந்ததாகச் சொல்வதைக் கேட்டவர்களுக்கு, துணை என்பது எப்போதும் ஓய்வாக இருப்பதில்லை என்பது தெரியும்.

சுதந்திரம் இல்லை என்ற குறைக்கும் அளவு உண்டு. பெரும்பாலான திட்டங்களில் பெரிய நகரங்களில் ஒரு பிற்பகல் சொந்த நேரமாக விடப்படுகிறது. பாரிசில் அப்படி மூன்று மணி நேரம் கிடைத்தால் வட நிலையத்தை ஒட்டிய லா ஷாப்பெல் பகுதிக்குப் போகலாம். ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் தெருக்களில் தமிழில் விலை கேட்டுச் சாப்பிடலாம். 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயத்தில் கும்பிடலாம். கூட்டத்தில் எல்லோரும் வாசனைத் திரவியக் கடைக்குப் போகும்போது இதைச் செய்யத் தனியாளால்தான் முடியும். குடும்பத்தோடு வந்தவர் நாலு பேரிடம் வாக்கு வாங்க வேண்டும்.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் சில முழுக்கச் சரி. அவற்றை மழுப்பக் கூடாது. நினைவுப்பொருள், கைக்கடிகாரம், தோல், வைரம் என்று கடைகளில் நிறுத்தும் நேரம் பல திட்டங்களில் அருங்காட்சியகத்துக்குக் கிடைக்கும் நேரத்தைவிட அதிகம். அந்த நிறுத்தங்களில் தரகு ஓடுகிறது. வெனிஸ் என்று அச்சிட்டுவிட்டு மெஸ்த்ரேயிலும், ஃபுளோரன்ஸ் என்று அச்சிட்டுவிட்டு மோந்தேகாத்தினியிலும் தங்கவைப்பது வழக்கமாகிவிட்டது. மாலையில் நகருக்குள் உலவ நினைப்பவருக்கு இது பெரிய இழப்பு. மலேசியாவில் கிளம்பும் கூட்டங்களில் கணிசமானவை மாண்டரின் மொழியில் நடப்பவை. கேட்காமல் பணம் கட்டிய தமிழர் பன்னிரண்டு நாளும் சைகையில் காலம் தள்ள நேரிடும். சைவம் என்றால் கீரையும் ரொட்டியும் என்று எண்ணும் சமையலறைகளும் உண்டு. கூட்டங்களால் ஊர்கள் மூச்சுத் திணறுகின்றன என்பதும் உண்மை. ஆம்ஸ்டர்டாம் 2024 தொடக்கத்திலிருந்து கனமான கோச்சுகளை நகர மையத்துக்குள் விடுவதில்லை. வெனிஸ் அதே ஆண்டு ஆகஸ்ட் முதல், வழிகாட்டியோடு போகும் குழுக்களை 25 பேருக்குள் நிறுத்தி ஒலிபெருக்கியையும் தடை செய்தது. இவை எல்லாம் மோசமான திட்டத்துக்கும் கவனமில்லாத முகவருக்கும் எதிரான வாதங்கள். தனியாள் கோச்சில் ஏறவே கூடாது என்பதற்கு இவற்றில் ஒன்றும் ஆதாரமாகாது. கல்யாண மண்டபத்தில் சாப்பாடு மோசம் என்றால் சமையல்காரரை மாற்றுவார்கள்; கல்யாணத்தை நிறுத்துவதில்லை.

ஆகவே எச்சரிக்கை தேவைப்படும் இடம் விற்பனை மேசை. வெளிநாட்டுப் பயணம் விற்கும் முகவருக்கு 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி உரிமம் வேண்டும். கே.பி.கே./எல்.என். என்று தொடங்கும் எண் கடைப் பலகையிலும் விளம்பரத் தாளிலும் இருக்கும். இல்லாவிட்டால் அங்கிருந்து எழுந்துவிடலாம். கண்காட்சித் தள்ளுபடியில் மயங்கி அன்றே முழுப் பணத்தையும் கட்டத் தேவையில்லை. தனி அறைத் தொகை எவ்வளவு, தங்குமிடம் நகருக்குள்ளா வெளியிலா, டூர் லீடர் பேசும் மொழி எது, கடை நிறுத்தங்கள் எத்தனை, சொந்த நேரம் எங்கே எவ்வளவு, அன்பளிப்புப் பணம் விலையில் சேர்ந்ததா, ஆள் குறைவால் பயணம் நின்றால் பணம் எப்போது திரும்பும் என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் இன்னும் எத்தனை பேர் தனியாக வருகிறார்கள் என்பதையும் கேட்கலாம். சொன்னபடி நடக்காவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை வழக்குத் தொடுக்கலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை.

இத்தனையும் சரியாக இருந்தும், துணை கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சேமநிதிப் பணத்தை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களைத் தடுப்பது வெறும் வழக்கமான பேச்சுதான். முழங்கால் நன்றாக இருக்கும்போதே ஒற்றை இருக்கைக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள்.